படையின் முன்னால் ஓடுபவை

எறும்புப் பறவை எறும்பைத் தின்பதில்லை. இதைக் கண்டு, நம்பி, எழுதிவைக்க ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ நூறு வருஷங்கள் பிடித்தன. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு, கயானாக் காடுகளிலிருந்து வந்துசேர்ந்த பறவைகளை பூஃபோன் எறும்புண்ணிகள் என்று வகைப்படுத்தினார். 1783இல் போடேர்ட் அவற்றில் ஒரு பேரினத்துக்கு எறும்பின் லத்தீன் பெயரையே சூட்டினார். எறும்பு இருக்கிற இடத்தில் பறவை இருக்கிறது, ஆகவே பறவை எறும்பைத் தின்கிறது. பதம்பண்ணின தோல் சொல்லாத விஷயத்தைத் தர்க்கம் சொல்லிவிட்டது. இந்த ரகத் தர்க்கத்துக்கு நம் விமர்சனத்திலும் பஞ்சமில்லை. யார் யாரோடு டீ குடிக்கிறான் என்பதை வைத்து யார் யாரைத் தின்றான் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

தென்னமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளில் நடப்பது இது. எசிட்டான் பர்ச்செல்லி என்ற படையெறும்பு லட்சக்கணக்கில் ஒரே கூட்டமாக வாழ்கிறது. அதற்குப் புற்று கிடையாது. தங்கள் உடம்புகளையே காலோடு கால் கோத்து, ராணியையும் குஞ்சுகளையும் உள்ளே வைத்து, ஒரு மரப்பொந்திலோ விழுந்த மரத்தடியிலோ கூடாரமாகத் தொங்கும். விடிந்ததும் அந்தக் கூடாரத்தின் ஒரு பக்கம் அவிழ்ந்து தரையில் வழிய ஆரம்பிக்கும். பத்து, பதினைந்து மீட்டர் அகலத்துக்கு ஒரு முகப்பு, மணிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில். அநேகமாகக் குருடான எறும்புகள். சருகுக்கடியில் இருக்கும் கரப்பான், சிலந்தி, வெட்டுக்கிளி, தேள், பூரான் எல்லாம் கிளம்பி ஓடும். ஓடாதது எறும்புக்கு. ஓடுவது பறவைக்கு. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், செங்குத்தான மெல்லிய தண்டுகளைப் பற்றிக்கொண்டு பறவைகள் முகப்புக்குச் சற்று முன்னால் காத்திருக்கின்றன. தண்டு மெல்லியதாக இருப்பதில் காரணம் உண்டு. அதில் ஏறிவரும் எறும்புகள் குறைவு, வந்தாலும் கண்ணில் படும். கொட்டினால் பறவைக்கும் வலிக்கும்.

படையோடு பறவை செல்வது தமிழ் வாசகனுக்குப் புதிதில்லை. புறப்பாடல்களில் அரசன் புறப்பட்டால் மேலே பருந்தும் கழுகும் புறப்பட்டுவிடும். கலிங்கத்துப்பரணியில் இது ஒரு பெரிய சமையல் ஏற்பாடாகவே வளர்ந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பறவைகள் படை கொன்றதைத் தின்கிறவை. போர் முடிந்த பிறகு இறங்குகிறவை. எறும்புப் படையின் பறவை கொல்லப்பட்டதைத் தொடுவதில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிற உயிரை, அது தப்பித்த கணத்தில் எடுத்துக்கொள்கிறது. புறத்தின் கழுகைவிட இது குரூரமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. புறத்தில் இதற்குச் சமமான படிமம் என் கண்ணில் பட்டதில்லை. போரிலிருந்து தப்பி ஓடினவனைப் பற்றி நம் புலவர்கள் அவ்வளவாகக் கவலைப்படவுமில்லை.

பி.ஏ. ஆங்கிலம் படிக்கும்போது ஹென்றி வால்ட்டர் பேட்ஸின் அமேசான் புத்தகத்தை (1863) அதன் உரைநடைக்காகப் படித்தேன். லெஸ்டரில் காலுறை வியாபாரியிடம் வேலை பழகி, பிறகு ஒரு மதுபான ஆலையில் குமாஸ்தாவாக இருந்தவர் பேட்ஸ். 1848இல் வாலஸுடன் அமேசானுக்குப் போய், வாலஸ் திரும்பின பிறகும் 1859 வரை அங்கேயே இருந்தார். படையெறும்புகள் வருகின்றன என்பதற்கு வழிப்போக்கனுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, புதருக்குள் மங்கின நிறமுள்ள சிறு பறவைகளின் கீச்சொலியும் பரபரப்பும்தான் என்று அவர் குறித்திருக்கிறார். அதாவது பறவை அவருக்கு ஒரு மணியோசை. பதினொரு வருஷம் காட்டில் இருந்த மனிதர், பறவையை எறும்பின் முன்னறிவிப்பாகத்தான் பார்க்கிறார். பறவைக்கு அங்கே என்ன வேலை என்பது அந்த இடத்தில் அவருடைய விசாரமில்லை.

வேலையைச் சொன்னவர் தாமஸ் பெல்ட். நிகராகுவாவின் சொண்டாலேஸ் தங்கச் சுரங்கத்தில் இன்ஜினீயர். 1874இல் வந்த அவர் புத்தகத்தில், எறும்பு கிளப்பிவிடும் பூச்சிகளைப் பறவைகள் பிடித்துத் தின்பது தெளிவாக வருகிறது. ஒரு குமாஸ்தாவும் ஒரு சுரங்க இன்ஜினீயரும். இவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சம்பளத்துக்கு ஒன்றும் ஜீவிதத்துக்கு இன்னொன்றுமாக இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டிருப்பவன்தான் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவனும்.

நம் ஊரில் இதை யாராவது பார்த்தார்களா? இந்தக் கேள்வியோடு ஜெர்டனிடம் போனேன். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்து டாக்டர். 1836இல் இங்கே வந்தவர். தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியலைச் சென்னை இலக்கியச் சங்கத்தின் பத்திரிகையில் 1839 தொடங்கி எழுதினார். அதே பத்திரிகையில் 1851இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டார். குதித்துப் பாயும் நம் ஊர் எறும்பு ஒன்றுக்கு இன்றும் நிற்கிற விஞ்ஞானப் பெயர் அந்தக் கட்டுரையில் அவர் வைத்ததுதான். பறவையையும் எறும்பையும் இரண்டையும் உட்கார்ந்து எண்ணின மனிதர், அதுவும் பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போனவர். படைக்குப் பின்னால் என்னென்ன போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. இரண்டு பட்டியலையும் ஏன் ஒன்றுசேர்க்கவில்லை? ஒரு துறை, ஒரு கட்டுரை, ஒரு பெட்டி என்ற அந்த நூற்றாண்டின் மனோபாவத்தைக் குற்றம்சாட்டி நான்கு பக்கம் எழுதியும் வைத்துவிட்டேன்.

பிறகு கிழித்துப் போட்டேன். குற்றம் ஜெர்டனுடையதில்லை. நம் நாட்டிலும் படையெறும்புகள் உண்டு. டோரைலஸ் இனம் பெரும்பாலும் மண்ணுக்கடியிலேயே போய்விடுகிறது. உருளைக்கிழங்கையும் நிலக்கடலையையும் நாசம் செய்கிற போதுதான் குடியானவனுக்கு அது இருப்பது தெரியும். ஏனிக்டஸ் இனம் மெல்லிய வரிசையாக ஊர்ந்து, மற்ற எறும்புகளின் கூடுகளைக் கொள்ளையிடுகிறது. காட்டுத்தரையையே கலைத்து அகலமாக வீசிப்போகும் படை இங்கே கிடையாது. ஆப்பிரிக்காவில் டோரைலஸ் மேலே வந்து அப்படிப் போகிறது, அங்கே அதைத் தொடரும் பறவைகளும் உண்டு. இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஜெர்டன் ஒன்றும் பார்க்கவில்லை. இல்லாததைப் பார்க்கவில்லை என்று ஒருவரைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த நான்கு பக்கங்களை அந்தச் சுகத்துக்காகத்தான் எழுதினேன் போலிருக்கிறது.

இருந்தாலும் எறும்பின் வேலையை வேறு யாராவது செய்தால் பறவை வந்துவிடுகிறது. ஏர் போகும்போது பின்னால் வரும் கொக்கும், எருமை முதுகில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானும் செய்வது இதே காரியம்தான். இப்போது டிராக்டருக்குப் பின்னால். சிங்களக் காடான சிங்கராஜாவில் சரத் கொட்டகம 1981இலிருந்து கவனித்துவந்த கலப்புப் பறவைக்கூட்டங்களில், ஆரஞ்சு அலகுள்ள தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கலைத்துக்கொண்டு போகும், துடுப்புவால் கரிச்சான் கூடவே போய், கலைந்து பறப்பதைப் பிடிக்கும். இந்தக் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலில் பாடி அவற்றைக் கூட்டம் சேர்க்கிறது என்று எபென் குடேலும் கொட்டகமவும் 2006இல் காட்டினார்கள். படை இல்லாத நாட்டில் படை திரட்டிக்கொள்கிற பறவை. இதை மேலும் வியாக்கியானம் செய்யும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். நண்பர்கள் சிலர் தங்களைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

எனக்கு விஷயம் பிடிபட்டது புத்தகத்தில் இல்லை, காசிமேட்டில். ராயபுரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலையில் சில நாள் துறைமுகத்துக்குள் நடந்துவிட்டுப் போவது வழக்கம். மூன்று மணிக்கே விசைப்படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருக்கும். மேலே பருந்து, கூரைமேல் காக்கை, கால்களுக்கிடையில் கொக்கு. மழைக்காலம் தொடங்கி மாசி வரைக்கும் வடக்கேயிருந்து வரும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் தண்ணீர்மேல். பெட்டியிலிருந்து நழுவும் மீனைப் பொறுக்க இவற்றோடு கிழவிகளும் சிறுவர்களும் நிற்பார்கள். இது எறும்புப் பறவை சமாசாரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இது அது இல்லை. இது கலிங்கத்துப்பரணி. செத்ததைத் தின்பது.

கட்டுமர காலத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு பெரியவர், இப்போது வலை பிரித்துக்கொண்டு கரையிலேயே இருப்பவர், ஒரு நாள் ஆலாவைப் பற்றிச் சொன்னார். ஆலா என்பது கடல்மேல் திரியும் ஒல்லியான, பிளந்த வால் பறவை. ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறவனை ஆலாய்ப் பறக்கிறான் என்கிறோம், அந்த ஆலா.

“ஆலா எங்க வுழுதோ அங்க கீழ சூரை கீது சார். ஆலா சூரையத் துன்னாது. சூரை தொரத்தற நெத்திலியத் துன்னும். சூரைக்கு மேல ஆலா கீறதே தெரியாது.”

“உங்களுக்கு நைனா?”

“எங்களுக்கு ரெண்டும் ஓணும். ஆலா இல்லாட்டி சூரைய எங்க போயித் தேடறது?”

கீழிருந்து சூரை துரத்துகிறது, நெத்திலி தண்ணீரின் மேல்மட்டத்துக்குத் தப்பி வருகிறது, தப்பி வந்த இடத்தில் ஆலா. பூஃபோன் சறுக்கின இடம் வலை பிரிக்கிற மனிதருக்கு இரண்டு வாக்கியம். வெப்பமண்டலக் கடற்பறவைகள் பலவும் சூரை போன்ற வேட்டை மீன்கள் மேலே விரட்டும் இரையை நம்பித்தான் பிழைக்கின்றன என்பதைப் பசிபிக்கில் கிறிஸ்துமஸ் தீவில் பிலிப் ஆஷ்மோலும் மர்ட்டில் ஆஷ்மோலும் ஆராய்ந்து 1967இல் எழுதினார்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் எண்ணூரிலும் அதற்கு முன்பே அதை வைத்து வலை விட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முன்னால் கண்டுபிடித்தது என்ற பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மீனவரின் கணக்கில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவர்தான் மீனவர். இந்த மூன்றாவது ஆள் விஞ்ஞானத்தின் கணக்கில் வர வெகுநாள் ஆயிற்று.

அவர் வந்த கதையைச் சொல்ல மறுபடி அமெரிக்காவுக்குப் போகவேண்டும். பனாமாக் கால்வாய்க்காக சாக்ரஸ் ஆற்றை மறித்தபோது தண்ணீர் ஏறி, ஒரு குன்று தீவாயிற்று. பெயர் பாரோ கொலராடோ. பரப்பு சுமார் 1,500 ஹெக்டேர். கால்வாய் 1914இல் திறந்தது, தீவு 1923இல் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. 1932இலிருந்து ஷ்னைர்லா என்ற மனோதத்துவப் பேராசிரியர் அங்கே படையெறும்புகளைக் கவனித்தார். இந்தப் படைக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு என்று கண்டவர் அவர்தான். சுமார் பதினைந்து நாள் தினமும் பெரிய வேட்டை, இரவில் இடப்பெயர்ச்சி. பிறகு சுமார் இருபது நாள் ஒரே இடத்தில் தங்கல், வேட்டை குறைவு, சில நாள் இல்லவே இல்லை. காரணம் தளபதியின் வியூகமில்லை. லார்வாக்கள் பசித்தால் படை நடக்கிறது. அவை கூட்டுப்புழுவாகிப் பசி அடங்கினால் படை படுக்கிறது. குழந்தை அழுதால்தான் வீடு எழுந்திருக்கிறது.

1960இல் எட்வின் வில்லிஸ் என்ற மாணவர் அதே தீவுக்குப் பறவைகளைப் பார்க்க வந்தார். முன்னே வந்தவர்கள் எல்லாருக்கும் அது ஒரு சந்தடி. வில்லிஸ் பறவைகளின் காலில் வர்ண வளையம் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்து, வருஷக்கணக்கில் எறும்புகளோடு நடந்தார். அப்போது சந்தடிக்குள் ஒரு பந்தி தெரிந்தது. முகப்பின் நடுவில், ஓட்டம் அதிகமான இடத்தில், பெரிய பறவை. முதுகெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி உள்ளது. தமிழில் பெயரில்லை, கண்புள்ளியான் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு வெளியே சற்றுச் சிறிய இருநிறத்தான். விளிம்பில், கிடைத்ததைக் கொத்திக்கொண்டு, இன்னும் சிறிய புள்ளிக்குருவி. நடு இடத்தில் சின்னது நுழைந்தால் பெரியது துரத்தும். பெரியது இல்லாத நாளில் சின்னது நடுவுக்கு வரும். யாருக்கும் எறும்போடு விரோதமில்லை. விரோதமெல்லாம் பந்திக்குள்தான். கண்புள்ளியானுக்கும் இருநிறத்தானுக்கும் எறும்புதான் முழு ஜீவனோபாயம், புள்ளிக்குருவிக்கு அது உபரி வருமானம்.

படை இருபது நாள் படுத்துக்கொண்டால் முழுநேரப் பறவை என்ன செய்யும்? ஒரு படையை மட்டும் நம்பினால் பட்டினி. அது பல படைகளின் இருப்பிடத்தை நினைவில் வைத்திருக்கவேண்டும். வேட்டை இல்லாத வேளையிலும் கூடாரத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும் வழக்கத்தை மோனிக்கா ஸ்வார்ட்ஸ் கோஸ்டா ரிகாவில் கவனித்து 2001இல் எழுதினார். உபரி வருமானக்காரர்கள் இப்படி எட்டிப் பார்ப்பதில்லை. முழுநேரத்தாரை அடையாளம் காண அதுவே உரைகல் என்றார்.

வில்லிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீவில் கண்புள்ளியான் குறைந்துகொண்டு வந்தது. வளையம் மாட்டினவை ஒவ்வொன்றாக இல்லாமற்போயின. கடைசியில் தீவில் அந்த இனமே இல்லை. 1974இல் இந்த அழிவுகளைத் தொகுத்து எழுதினார். எறும்பு அழியவில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. 1,500 ஹெக்டேரில் சுமார் ஐம்பது படைகள் பின்னாலும் இருந்தன. படைக்கு அந்தத் தீவு போதும். படையை நம்பினவனுக்குப் போதவில்லை. நடுவில் நின்றவன் போனான். விளிம்பில் நின்ற புள்ளிக்குருவி, உடனே இல்லை, பல வருஷங்கள் தாமதித்து, நடுவுக்கு நகர்ந்து எறும்போடு அதிகமாகப் போகத் தொடங்கியதை டச்டனும் ஸ்மித்தும் 2011இல் எழுதினார்கள். தீவை உண்டாக்கியது கப்பல் போகிற வழி. ஒரு துறைமுகத்தின் பக்கத்தில் வசிப்பவனுக்கு இந்த விவரத்தைத் தாண்டிப்போவது சிரமமாக இருக்கிறது.

இனி கணக்கு. எறும்புக்கு இதில் நஷ்டமா? பெரும்பாலோர் நஷ்டமில்லை என்றே எழுதிவந்தார்கள். ஓடினது எப்படியும் எறும்புக்குக் கிடைக்காதது, ஆகவே பறவை வெறும் சகபந்தி. 2005இல் ரெகேயும் கூட்டாளிகளும் அதே தீவில் அளந்துபார்த்தார்கள். பறவை இருக்கும்போது எறும்புக்குக் கிடைக்கும் இரை குறைகிறது. கட்டுரையின் தலைப்பிலேயே பறவையை ஒட்டுண்ணி என்று சொல்லிவிட்டார்கள். எறும்புண்ணியாகத் தொடங்கி, சகபந்தியாகி, ஒட்டுண்ணியானது ஒரே பறவைதான். அது நடுவில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அளவை நம்புகிறேன். வங்கியில் உட்கார்ந்துகொண்டு அளவை நம்பாமல் இருக்கமுடியாது. ஆனால் ஒட்டுண்ணி என்ற சொல்லை நம்ப மனம் வரவில்லை. அந்தச் சொல் எறும்பின் பேரேட்டில் எழுதப்பட்டது. கரப்பானின் பேரேட்டில் எறும்பும் பறவையும் வேறு வேறு பற்றாக இருக்க நியாயமில்லை. ரெட்டன்மையர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பட்டியல் அவர் இறந்த பிறகு 2011இல் வந்தது. இந்த ஒரு எறும்பை அண்டி 300க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. அதில் பூச்சிகள், ஈக்கள், எறும்பின் உடம்பிலேயே தொங்கும் உண்ணிகள். பறவையின் எச்சத்தை உறிஞ்சுவதற்காகப் படையோடு பறக்கும் பட்டாம்பூச்சிகள்கூட உண்டு. 1980இல் கண்டு எழுதினார்கள். விமர்சகனைப் பற்றி யாராவது படிமம் தேடினால் இதை எடுத்துக்கொள்ளலாம், நான் ஆட்சேபிக்கவில்லை. எல்லாரையும் ஒட்டுண்ணி என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் எறும்பு ஒன்றுதான் யோக்கியமாக மிஞ்சும்.

காசிமேட்டின் படைக்கும் ஒரு தங்கல் காலம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017இலிருந்து 61 நாள். காரணம் ஷ்னைர்லா சொன்னதுதான், குஞ்சுகள். படைக்குப் பதில் இரையின் குஞ்சுகள் என்பது வித்தியாசம். நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரம் போய்வரும், கொஞ்சம் மீன் வரும். கூடைக்காரப் பெண்களில் சிலர் அதை நம்பி நிற்பார்கள். சிலர் கருவாட்டுக்குப் போவார்கள். மே மாதத்தில் எங்கள் கிளையின் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் கூடும். தோடும் மூக்குத்தியும் தராசில் விழும் சத்தம். மூக்குத்தி எடை ஏறாது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிற வேலை சில சமயம் என்னுடையது.

பருந்துகள் குறைந்துவிடும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் போகின்றன என்கிறார்கள். ஆனால் போன மே மாதம் தினமும் காலையில் நாலைந்து பருந்துகள் வந்து, கட்டிப்போட்ட படகுகளின் கொடிக்கம்பங்களில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதைக் கவனித்தேன். கீழே ஒன்றும் இல்லை. தார்ப்பாய் போர்த்தின படகுகள், சாயம் அடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர். பெரியவரிடம் கேட்டேன், என்ன பார்க்கிறது என்று.

“ஐஸ் வண்டி வந்துச்சான்னு பாக்குது சார்.”

ஜூன் இரண்டாவது வாரம் ஒரு காலையில், லாரியிலிருந்து ஐஸ் பாளங்களை இறக்கி மிஷினில் கொடுத்து உடைத்துப் படகுகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மீன் வர இன்னும் பல நாள் ஆகும். கொடிக்கம்பங்களில் இடமில்லை.